பின்சீட்டில் நான் இல்லாத நேரம்

மதிப்பிற்குரிய பெரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் பணிவான வணக்கங்களுடன் எழுதிக்கொள்வது. ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாம் சொன்ன பேச்சைக் கேட்க, நீங்களும் அக்காவும் அங்கே சௌகரியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கேயும் அப்படியே என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். மனசும் இடுப்பும் ஒத்துக்கொள்ளவில்லை. இந்தக் கடிதத்தை பிரிட்ஜின் தலைமேல் காகிதத்தை வைத்து நின்றுகொண்டே எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நான் எதன் மேலும் உட்காரவில்லை. நடுநடுவே கையெழுத்து நடுங்கினால் அது பயம் மட்டுமல்ல, பிரிட்ஜின் மோட்டாரும்தான். போனில் சொல்லலாம் என்றால் உங்கள் தங்கையின் காது எப்படிப்பட்டது என்று உங்களுக்கே தெரியும். இப்போது அவள் கீழே இறங்கியிருக்கிறாள். வருவதற்குள் முடிக்க வேண்டும்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உங்கள் தங்கை மோட்டார் சைக்கிள் வாங்கிவிட்டாள். ஸ்கூட்டர் இல்லை மச்சான், நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். "ஒரு வண்டி சொல்லியிருக்கேன், இன்னிக்கு வருது"ன்னு அவள் சொன்னபோது, காய்கறி வாங்கி வர வசதியாக முன்னால் கூடை வைத்த ஏதோ ஒன்று என்று எண்ணிக்கொண்டு, கூடை எந்தப் பக்கம் திறக்கும் என்றுகூடக் கேட்டேன். மத்தியானம் ஒரு லாரி வந்தது. அதிலிருந்து பலகை போட்டு நாலு பேர் சேர்ந்து இறக்கினார்கள். அட்வெஞ்சர் டூரிங் பைக்காம். பாலைவனம், காடு, ஆறு எல்லாம் தாண்டுமாம். நம் வீட்டிலிருந்து மருந்துக்கடைக்குப் போக இடையில் ஆறு ஏதும் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். சீட்டு என் வயிற்றுக்கு மேலே நிற்கிறது. இரண்டு பக்கமும் பீரோ மாதிரி அலுமினியப் பெட்டிகள், முன்னால் பறவை மூக்கு மாதிரி ஒரு நீட்டல், என்ஜினைச் சுற்றி இரும்புக் குழாய். இது எதற்கு என்று லாரிக்காரரைக் கேட்டேன். "கீழ விழுந்தா அடிபடாம இருக்க சார்" என்றார். யாருக்கு என்றேன். "வண்டிக்கு" என்றார்.

நீங்கள் யோசித்துப் பாருங்கள். வேலைக்காலம் முழுக்க ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தவள். பைக்கில் போய் விழுந்தவனின் முழங்கால், தோள்பட்டை, முதுகெலும்பு என்று அவள் பார்க்காத உடைசல் இல்லை. சாப்பிடும்போது வந்து எனக்கு விவரமாகச் சொல்லுவாள், நான் சோற்றைத் தள்ளி வைப்பேன். அப்படிப்பட்டவள் ரிட்டையர் ஆனதும் இதை வாங்கியிருக்கிறாளே என்று கேட்டால், "உடைஞ்ச எலும்பையும் பார்த்திருக்கேன், உடையாத எலும்பையும் பார்த்திருக்கேன். ரெண்டும் தேயத்தான் தேயுது" என்கிறாள். சரி, லைசென்ஸ் இல்லாமல் ஓட்டக்கூடாது என்று சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன். மகளுக்குப் போன் போட்டு நியாயம் கேட்டேன். அவள், "அப்பா, அம்மாகிட்ட லைசென்ஸ் இருக்கே, உங்களுக்குத் தெரியாதா?" என்றாள். சனிக்கிழமை தோறும் முதுகுவலிக்கு உடற்பயிற்சி வகுப்பு என்று சொல்லிவிட்டுப் போனாளே, அது முதுகுவலி வகுப்பு இல்லை மச்சான். நான் அக்கறையாக, "முதுகு எப்படி இருக்கு?"ன்னு வாராவாரம் விசாரிப்பேன். "நல்லா வளைஞ்சு கொடுக்குது" என்பாள். மகளுக்குத் தெரியும், மருமகனுக்குத் தெரியும், கீழே காவலுக்கு இருப்பவருக்குக்கூடத் தெரியும். எனக்குத்தான் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போய் சாயங்காலம் திரும்பிவிடலாம், மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஏரி வரைக்கும், என்றாள். நான் வரமாட்டேன் என்று உறுதியாகச் சொன்னேன். "சரி, நான் மட்டும் போறேன்" என்றாள். அந்த 'சரி'யை அவள் சொன்ன வேகத்தில் எனக்குப் பயம் வந்துவிட்டது. தனியாகப் போய் எங்கேயாவது விழுந்து கிடந்தால் யார் பார்ப்பது? நான் கூட இருந்தால் குறைந்தபட்சம் நானும் விழுந்து கிடப்பேன். அதனால் கிளம்பினேன். இப்படித்தான் மச்சான் எல்லாக் கெட்ட காரியத்திலும் மனுஷன் மாட்டிக்கிறான்.

ஏறுவதே முதல் சோதனை. ஜாக்கெட், கையுறை, முழங்கால் கவசம், பூட்ஸ் எல்லாம் மாட்டிவிட்டு, அதன் மேல் ஹெல்மெட்டைக் கவிழ்த்து, தாடைக்குக் கீழே எதையோ 'டக்'கென்று பூட்டினாள். காலைத் தூக்கிப் போடுங்க என்றாள். தூக்கினேன். போட முடியவில்லை. பெட்டியின் மேல் குதிகால் மாட்டிக்கொண்டது. ஒரு கால் தரையில், ஒரு கால் பெட்டி மேல், இரண்டுக்கும் நடுவில் நான். முன்னாலும் போக முடியாது, பின்னாலும் வர முடியாது. நாலு மாடி பால்கனியிலும் ஆட்கள். மூன்றாவது மாடி வாத்தியார், காபி டம்ளரோடு, "இன்னும் கொஞ்சம் எக்கி ஏறுங்க சார்" என்று வகுப்பெடுக்கிறார். கடைசியில் காவல்காரர் வந்து என்னை மூட்டை தூக்குகிற மாதிரி அள்ளி சீட்டில் வைத்தார். வைத்துவிட்டு நேராக இருக்கிறேனா என்று ஒரு எட்டு பின்னால் போய்ப் பார்த்தும் கொண்டார்.

நான் லிப்ட் இன்ஸ்பெக்டராக இருந்தவன் என்பது உங்களுக்குத் தெரியும். நான் அறிந்த பயணம் இரண்டே திசை. நேர் மேலே, நேர் கீழே. கொஞ்சம் சாய்ந்தாலும் சீல் வைத்துப் பூட்டிவிடுவோம். இந்த வண்டி வளைவில் சாய்கிறது மச்சான். பழுதாகிச் சாயவில்லை, அப்படிச் சாய்ந்தால்தான் வளையுமாம். அவள் இடது பக்கம் சாய்ந்தால் நான் தர்மப்படி வலது பக்கம் சாய்ந்து சமன் செய்தேன். வண்டி நேராகப் பள்ளத்தைப் பார்த்துப் போனது. ஹெல்மெட்டுக்குள்ளே ஸ்பீக்கரும் மைக்கும் வைத்திருக்கிறாள். பக்கத்தில் இருக்கும்வரை அவள் பேசுவது எனக்கும் நான் பேசுவது அவளுக்கும் கேட்கும். அதில் அவளுடைய பழைய எக்ஸ்ரே அறைக் குரல் வந்தது. "அசையாதீங்க. மூச்சை இழுங்க. அப்படியே பிடிங்க." எத்தனையோ ஆயிரம் பேர் அந்தக் குரலுக்குக் கட்டுப்பட்டிருக்கிறார்கள், நான் எம்மாத்திரம். பிடித்தேன். வளைவு வந்தது, போனது. அடுத்த வளைவும் வந்தது. 'விடலாம்' என்று சொல்ல அவள் மறந்துவிட்டாள். எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தபிறகு, "நான் மூச்சு விடலாமா?" என்று கேட்டேன். "நீங்க இன்னும் விடலையா?" என்கிறாள்.

மலை ஏறுவதற்கு முன்னால் ஒரு பெட்ரோல் பங்க். அவள் பெட்ரோல் போட நின்றாள். நான் இறங்கி, பின்பக்கம் இருந்த கழிப்பறைக்குப் போகிறேன் என்று சொன்னேன். சொன்னதாகத்தான் நினைவு. வண்டியைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்த பெட்ரோல் போடுகிறவரோடு அவள் பேச்சில் இருந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றப் பார்த்தேன், அந்த 'டக்' எனக்குத் திறக்கவில்லை. ஹெல்மெட்டோடேயே போனேன், ஹெல்மெட்டோடேயே கை கழுவினேன். அந்தச் சுவர்களுக்குள் ஸ்பீக்கர் வேலை செய்யவில்லை. வெளியே வந்து பார்த்தால் வண்டி இல்லை. வண்டி நின்ற இடத்தில் ஒரு சொட்டு எண்ணெய்கூட இல்லை. பெட்ரோல் போடுகிறவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"சார், நீங்க அந்த அம்மாகூட வந்தவர்தானே?"

"ஆமா."

"அவங்க போய்ட்டாங்களே. போகும்போது உங்ககிட்ட பேசிக்கிட்டே போனாங்க."

"என்கிட்டயா?"

"'கெட்டியா பிடிச்சுக்கிட்டீங்களா'ன்னு கேட்டாங்க. யாரும் பதில் சொல்லலை. அப்புறம் போய்ட்டாங்க."

மச்சான், கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் வாய் ஓயாமல் பேசுகிறேன் என்பது அவளுடைய புகார். நான் பதில் சொல்லாமல் இருந்தால் உடம்புக்கு ஏதோ என்றாவது திரும்பிப் பார்க்க வேண்டாமா? பின்னால் ஆள் இருக்கிறானா என்று தெரியாத அளவுக்கா என் எடை இருக்கிறது? பெட்டி இரண்டும் அவ்வளவு கனமாம், வித்தியாசமே தெரியவில்லையாம். இது பிறகு அவள் சொன்னது. என் போனும் அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தது. பெட்ரோல் போடுகிறவரின் போனை வாங்கி அவள் நம்பரைப் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. ஓட்டும்போது போனை எடுக்காத பொறுப்பானவள். ஹெல்மெட்டும் முழங்கால் கவசமுமாக, கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, காற்று அடிக்கிற இடத்தில் நின்றேன். டயருக்குக் காற்றுப் பிடிக்க வந்த ஒருவர் என்னை அங்கே வேலை செய்கிறவன் என்று நினைத்து, முன் டயருக்கு எவ்வளவு வைக்கலாம் என்று கேட்டார்.

அப்போதுதான் ஒரு பால் லாரி வந்தது. மலைக்கு மேலே போகிற டேங்கர். டிரைவரிடம் கதையைச் சொன்னேன். அவர் ஒரு கேள்வியும் கேட்காமல் பக்கத்துக் கதவைத் திறந்தார். ஏறிய பிறகு, கொஞ்ச தூரம் போனதும், தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்.

"நானும் ஒரு தடவை என் சம்சாரத்தை இப்படி ஒரு ஓட்டல்ல விட்டுட்டுப் போய்ட்டேன் சார்."

"அப்புறம்?"

"ராத்திரிக்குள்ள திரும்பி வந்துட்டேன்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லலை. அங்கேயே வேலைக்குச் சேர்ந்துட்டா. இப்ப கல்லாவுல இருக்கா. நான் போனா டீக்குக் காசு வாங்கிடுறா."

லாரி முனகிக்கொண்டே வளைவு வளைவாக ஏறியது. திடீரென்று என் காதுக்குள் கரகரவென்று ஒரு சத்தம். ஹெல்மெட் ஸ்பீக்கர் உயிர் பெற்றுவிட்டது. புது ஓட்டம் என்பதால் அவள் வளைவுகளில் மெதுவாகப் போயிருக்க வேண்டும், எங்கேயோ பக்கத்தில்தான் இருக்கிறாள். குரல் விட்டுவிட்டு வந்தது, பிறகு தெளிவாக வந்தது. நான் பின்னாலேயே இருப்பதாக நினைத்து என்னிடம் பேசிக்கொண்டே போகிறாள் மச்சான். அவ்வளவு தூரமும் பேசியிருக்கிறாள். எனக்குக் கிடைத்தது கடைசித் துண்டு மட்டும். அதை அப்படியே எழுதுகிறேன், ஒரு சொல்லும் மாற்றவில்லை.

"இத்தனை வருஷமா சொல்லாம வெச்சிருந்தேன். உங்க மனசு கஷ்டப்படுமேன்னுதான் சொல்லலை. ஆனா இனிமே ஒரே வீட்டுக்குள்ள என்னால முடியாது. நிஜமா முடியாது. யோசிச்சு நீங்களே ஒரு முடிவு சொல்லிடுங்க."

லாரிக்காரர் கியர் மாற்றினார், எனக்கு இதயம் மாறி உட்கார்ந்த மாதிரி இருந்தது. என் பதிலுக்காக அவள் காத்திருக்கிறாள். என்ன சொல்ல? வாயில் வந்ததைச் சொன்னேன்.

"நான் வண்டியில இல்லை."

"விளையாடாதீங்க. நான் சீரியஸா பேசிக்கிட்டிருக்கேன்."

"நானும் சீரியஸாத்தான் சொல்றேன். பின்னாடி பால் லாரியில வர்றேன்."

வளைவு திரும்பியதும் அவளைப் பார்த்தேன். முன்னால் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள். இடது கை மட்டும் மெதுவாகப் பின்னால் வந்தது. சீட்டைத் தட்டிப் பார்த்தது. இன்னும் கொஞ்சம் தள்ளித் தட்டிப் பார்த்தது. காற்றைத் துழாவியது. அடுத்த நொடி வண்டி ஆடியது, ரோட்டோரத்துச் சரளைக்கல்லில் இறங்கியது, தடுமாறி நின்றது, நின்ற இடத்திலேயே பெரிய மாடு படுக்கிற மாதிரி சாவகாசமாகச் சாய்ந்து படுத்தது. அவள் அதற்குள் தாண்டிக் குதித்துவிட்டாள். லாரி நிற்பதற்குள் நான் இறங்கி ஓடினேன். இந்த இடுப்போடு ஓடினேன் மச்சான், சாட்சிக்கு லாரிக்காரர் இருக்கிறார். அவள் ஹெல்மெட்டைக் கழற்றி எறிந்துவிட்டு என்னை நோக்கி ஓடி வருகிறாள். கட்டிப்பிடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். தோள்பட்டை எலும்பைப் பிடித்து அமுக்கினாள். விலாவை ஒவ்வொன்றாக எண்ணினாள். மணிக்கட்டைத் திருப்பினாள். "எங்க விழுந்தீங்க? எந்த வளைவுல? எவ்வளவு நேரமா கிடந்தீங்க?" அவள் முகத்தில் ரத்தமே இல்லை. நான் விழவில்லை, பெட்ரோல் பங்க்கிலேயே விட்டுவிட்டாய் என்று சொன்னேன். அப்படியே ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள். அழுதாள். உங்கள் அப்பா போனபோதுகூட அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்து, ஹெல்மெட்டோடேயே, முதுகைத் தடவிக்கொடுத்தேன். அப்புறம் அவளே மூக்கை உறிஞ்சிக்கொண்டு என் தாடைக்குக் கீழே கையை விட்டு அந்த 'டக்'கைத் திறந்துவிட்டாள்.

வண்டியைத் தூக்க நானும் லாரிக்காரரும் கையைப் பிசைந்துகொண்டு நின்றோம். அவள் வண்டிக்கு முதுகைக் காட்டி, சீட்டில் இடுப்பைக் கொடுத்து, ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு, காலால் பின்னாலேயே நடந்து நடந்து நிமிர்த்திவிட்டாள். லாரிக்காரர் கைதட்டினார். எனக்கும் தட்டத் தோன்றியது, ஆனால் அந்த நிலைமையில் தட்டலாமா என்று தெரியவில்லை. லாரி போனதும் அவள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"நான் பேசினது எவ்வளவு கேட்டுச்சு?"

எனக்குத் தைரியம் இல்லை மச்சான். "காத்து சத்தம்தான் கேட்டுச்சு" என்றேன்.

பெருமூச்சு விட்டாள். "போகட்டும். இன்னொரு தடவை சொல்ற தெம்பு எனக்கு இல்லை."

அதற்குப் பிறகு ஏரிக்குப் போனோம். ஏரி இருந்தது, தண்ணீரும் இருந்தது. எனக்கு வேறு எதுவும் தெரியவில்லை. பெட்டியிலிருந்து ரொட்டியும் அவித்த முட்டையும் எடுத்தாள். எனக்கு முட்டையை உரித்துக் கொடுத்தாள். கல்யாணமான புதுசில் உரித்துக் கொடுத்ததுதான். இப்போது எதற்கு உரிக்கிறாள் என்று யோசித்து, முட்டையைக் கையிலேயே வைத்திருந்தேன். வண்டிக்குப் பக்கத்தில் நிற்கச் சொல்லி ஒரு போட்டோ எடுத்தாள். எதற்கு என்றேன். "ஞாபகத்துக்கு" என்றாள். திரும்பும்போது மழை. அவள் எந்தப் பக்கம் சாய்ந்தாளோ அந்தப் பக்கம் சாய்ந்தேன், இனிமேல் எனக்கு என்ன பள்ளம், என்ன மேடு. ஸ்பீக்கரில் சொன்னாள், "இப்ப ரொம்ப நல்லா வர்றீங்க. இதை முதல்லயே செஞ்சிருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும்." அதைக் கேட்டு நான் ஹெல்மெட்டுக்குள் கண்ணைத் துடைக்க முடியாமல் தவித்ததை யாரிடம் சொல்ல?

திங்கட்கிழமை காலையிலேயே அவள் முன்னறையை ஒழிக்க ஆரம்பித்துவிட்டாள். மெத்தையைச் சுருட்டிக் கட்டினாள், மேஜை விளக்கைத் துணியில் சுற்றினாள், கட்டில் யாருக்காவது வேண்டுமா என்று பக்கத்து வீட்டில் விசாரித்தாள். குடும்பத்தைப் பிரித்துக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. என்ன தப்பு செய்தேன் என்று யோசித்து யோசித்து மூளை காய்ந்துவிட்டது. நான் குறட்டை விடுவேன், உண்மைதான். பாத்ரூம் கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று நாலு தடவை இழுத்துப் பார்ப்பேன், தொழில் பழக்கம். இதற்காக ஒருத்தி ஒரே வீட்டுக்குள் இருக்க முடியாது என்பாளா?

மச்சான், அவள் மதிக்கிற ஒரே ஆள் நீங்கள்தான். வருஷா வருஷம் வெயில் காலத்தில் நீங்கள் இங்கே வந்து தங்கும் வழக்கம் உண்டு. இந்தத் தடவை வெயிலுக்குக் காத்திருக்க வேண்டாம். உடனே வரவும். இரண்டு மாசம் போதாது, மூன்று நாலு மாசம் இருக்கிற மாதிரி பெட்டியைக் கட்டிக்கொண்டு வரவும். முன்னறையில் நான் எப்படியாவது திரும்பவும் கட்டிலைப் போட்டு வைக்கிறேன். நீங்கள் வந்து அந்த வண்டியை விற்கச் சொல்ல வேண்டும், அவள் மனசில் இருப்பதை வாங்கி என்னிடம் சொல்ல வேண்டும். நீங்கள் கூடத்தில் வந்து உட்கார்ந்தாலே வீடு அடங்கிவிடும். இது என் வேண்டுகோள் இல்லை, கதறல்.

அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். வயதில் சின்னவன் என்பதால் ஆசி சொல்லும் உரிமை எனக்கில்லை. உங்கள் ஆசியை மட்டும் கேட்டு, கால் கடுக்க நின்றபடி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
இன்னும் சில நாட்களுக்காவது
உங்கள் தங்கையின் கணவன்

பின்குறிப்பு: கடிதத்தைப் பிரிட்ஜ் மேலேயே வைத்துவிட்டு இடுப்புக்குத் தைலம் வாங்கப் போனேன். திரும்பி வந்தபோது உங்கள் தங்கை அதை முழுக்கப் படித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கிறாளா, கோபத்தை அடக்கிக்கொண்டிருக்கிறாளா என்று தெரியவில்லை. "உங்களோடவா இருக்க முடியாதுன்னு சொன்னேன்? ஆரம்பத்துலேருந்து கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்" என்றாள். பிறகு சொன்னாள். எப்படி எழுதுவது என்று புரியவில்லை மச்சான், நேராகவே எழுதிவிடுகிறேன். அவளால் ஒரே வீட்டுக்குள் இருக்க முடியாதது உங்களோடுதான். விடிகாலையில் நீங்கள் சத்தமாகச் செய்தி கேட்பது, சமைத்ததற்கெல்லாம் மார்க் போடுவது, அவளுக்கு இன்னமும் பன்னிரண்டு வயசு என்று நினைத்துக்கொண்டு தலையைத் துவட்டச் சொல்வது. எனக்கு உங்கள் மேல் கொள்ளைப் பிரியம் என்று நம்பி, என் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாமல்தான் முதுகைக் காட்டிச் சொன்னாளாம். அவளுக்காகத்தான் நானும் உங்களோடு தினமும் ஆறு ஆட்டம் சதுரங்கம் ஆடித் தோற்றுக்கொண்டிருந்தேன் என்று நான் சொன்னேன். எனக்கு ஞாயிற்றுக்கிழமையிலிருந்து முதல் தடவையாகப் பசித்தது.

வண்டியை விற்கவில்லை. வெயில் காலத்தில் இரண்டு மாசம் கடலோரமாகவே போகப்போகிறோம். எனக்கு என் அளவில் ஜாக்கெட் சொல்லியாயிற்று. புதுசாக எழுதலாம் என்றால், "இதையே போடுங்க, எல்லாம் இதுலயே இருக்கு" என்கிறாள். ஆகவே, மேலே 'உடனே வரவும்' என்று இருக்கும் இடத்தில் 'வரவேண்டாம்' என்றும், 'மூன்று நாலு மாசம்' என்று இருக்கும் இடத்தில் 'ஒரு நாள்கூட' என்றும் திருத்திப் படித்துக்கொள்ளவும். இன்னொன்று. நீங்கள் இங்கே இருக்கும் காலத்தில் உங்களை அனுப்பிவிட்டு அங்கே தனியாக இருக்கும் அக்கா, ஒரு தடவைகூடக் கூட வருகிறேன் என்று சொன்னதில்லை என்பது இப்போதுதான் எங்களுக்கு உறைக்கிறது. எனவே இந்தச் செய்தியை அவர்களிடம் பக்குவமாக, உட்கார வைத்துச் சொல்லவும். நீங்கள் தாங்கிக்கொள்வீர்கள். அவர்கள் தாங்குவார்களா என்பதுதான் எங்கள் கவலை.